முகாமில் குடிநீர்: புவியீர்ப்பினால் இயங்கும் இலேசான வடிகட்டி

வனத்துறை, நில அளவைத்துறை, நிலவியல் ஆய்வுத்துறை முதலியவற்றில் வெளிப்பணி ஆற்றுவோரும், மாணவர்களை மலைப் பிரதேசங்களுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும், முகாமிடுவதற்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது முதலிற் கருதுவது நீர் வசதியையே ஆகும். இமயமலைச் சாரலில் நீருக்குக் குறைவில்லை. கார்வால், குமாவோன் பகுதிகளில் 'தாரா' எனப்படும் ஊற்றுகளும், 'நௌலா' எனப்படும் கல் கட்டிய சிறு ஊற்றுக்கிணறுகளும், பனி உருகி வரும் ஓடைகளும் பல இடங்களில் உள்ளன. பளிங்கு போன்ற அந்நீரைக் கண்டவுடன் அள்ளிப் பருகத் தோன்றுவது இயல்பே. ஆயினும் ஓடையின் மேற்பகுதியில் ஆட்டுமந்தைகள் தங்கியிருக்கலாம். யாத்திரிகர் விடுதியொன்றின் கழிவு அதிற் கலந்திருக்கலாம். நீரின் தெளிவைக் கொண்டு அதன் தூய்மையை மதிப்பிடுதல் இயலாது. மருத்துவமனை இரண்டு நாள் நடைத் தூரத்தில் இருக்கும் முகாமொன்றில் ஒருவருக்குக் கடும் வயிற்றுப்போக்கு ஏற்படின், அது பணிக்கு மட்டுமின்றி உயிருக்கும் கேடாக முடியக்கூடும்.

நீரைக் கொதிக்க வைத்தல் இவையனைத்திற்கும் நம்பத்தக்க பரிகாரம் என்பதில் ஐயமில்லை. உயரமான இடங்களில் நீர் குறைந்த உஷ்ணநிலையிலேயே கொதித்துவிடுகிறதே, அவ்வெப்பம் கிருமிகளைக் கொல்லப் போதுமா என்று சிலர் வினவுவர். கங்கோத்ரிக்கு மேலே, ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்திலுள்ள போஜ்பாசாவில் நீர் சுமார் 87 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். குடல்நோய்க் கிருமிகள் மடிவதற்கு அவ்வெப்பம் போதுமானதே. 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் மூன்று நிமிட நேரம் தளதளவெனக் கொதிக்கவிட்டால் போதும். கஷ்டம் எரிபொருளில்தான் இருக்கிறது. நால்வர் அடங்கிய குழுவிற்கு, குடிப்பதற்கும் சமைப்பதற்குமாக நாளொன்றுக்கு 16 லிட்டர் நீர் வேண்டும் எனக் கொள்வோம். 5 டிகிரியில் உள்ள அந்நீரை 87 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ 1,300 கிலோ கலோரி வெப்பம் தேவை. அடுப்பின் வெப்பத்தில் பாதி வீணாகும் எனக் கணக்கிட்டால், இதற்கு மட்டும் நாளொன்றுக்குக் கால் கிலோகிராமுக்குச் சற்று அதிகமான மண்ணெண்ணெய் செலவாகும். பத்து நாட்களுக்கு இரண்டரைக் கிலோகிராமுக்கு மேற்பட்ட சுமை சேர்ந்துவிடும். விறகு பொறுக்கி இக்குறையை ஈடுசெய்ய நினைத்தலும் தகாது. போஜ்பாசா என்னும் பெயரே 'போஜ்' எனப்படும் பூர்ச்ச மரங்கள் நிறைந்த இடம் என்பதைக் குறிக்கிறது. அம்மரங்கள் அங்கு அருகிப் போனதற்கு விறகுத் தேவையும் ஒரு காரணம். பாதுகாக்கப்பட்ட வனங்களில் விறகு சேகரித்தல் சட்டப்படியும் குற்றமாகும்.

இந்நிலையில் புவியீர்ப்பு விசையொன்றினாலேயே இயங்கும் இலேசான வடிகட்டி பேருதவியாக அமைகிறது. அதற்கு விளக்கு வேண்டாம், மின்கலம் வேண்டாம், கையால் இயக்கும் பம்பும் வேண்டாம். ஆனால் அதன் இயல்பை அறியாது உபயோகிப்பவர், ஓர் அபாயத்திலிருந்து தப்பி மற்றோர் அபாயத்தில் அகப்பட்டுக்கொள்வர். எனவே அமைக்கும் முறையோடு, அது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதையும் அறிதல் அவசியம்.

சாதனத்தின் அமைப்பு

இதில் நான்கு லிட்டர் கொள்ளக்கூடிய இரண்டு பிளாஸ்டிக் பைகள், ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள வடிகட்டிக் குழல், இவற்றை இணைக்கும் வளையும் குழாய்கள், குழாயை அடைக்க ஒரு கவ்வி ஆகியவை அடங்கும். எல்லாம் சேர்ந்து 300 முதல் 400 கிராம் வரைதான் எடையிருக்கும். ஓடை நீர் நிரப்பும் பையை மேற்பை என்றும், வடிந்த நீரை ஏற்கும் பையைக் கீழ்ப்பை என்றும் இக்கட்டுரையில் குறிப்போம்.

வடிகட்டிக் குழலினுள் நூல் போன்ற நூற்றுக்கணக்கான இழைகள் கற்றையாக அடைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் இழையும் உள்ளே வெறுமையாகவுள்ள மிக மெல்லிய குழலே ஆகும். அக்குழலின் சுவரில் 0.1 அல்லது 0.2 மைக்ரான் அளவுள்ள துளைகள் எண்ணற்றவை உள்ளன. (ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) நீர் சுவரின் ஒரு புறத்திலிருந்து மறு புறத்திற்குக் கசிந்து செல்லும், துளையினும் பெரிய பொருள்கள் பின்தங்கிவிடும். சிறுநீரகம் செயலற்றவர்களின் குருதியைச் சுத்தம் செய்யும் கருவிகளிலும் இவ்வகைக் குழலிழைகளே பயன்படுகின்றன. நம் நாட்டில் டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையமும், பவநகரிலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையமும் நீர் சுத்திகரிப்பிற்கான சவ்வுகளை உருவாக்கியுள்ளன.

அமைக்கும் முறை எளியது. மேற்பையை நிரப்பி, ஒரு மரக்கிளையிலோ கூடாரக் கம்பத்திலோ உறுதியாகத் தொங்கவிட வேண்டும். நான்கு லிட்டர் நீரின் எடை நான்கு கிலோகிராம் என்பதை மறவாது கிளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மரமே இல்லாத உயரங்களில் பாறை விளிம்பு ஒன்று போதும். அல்லது ஒருவர் தம் ஊன்றுகோலை நாட்டிக் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். மேற்பையிலிருந்து வரும் குழாயை வடிகட்டியின் நுழைவாயிலிலும், வடிகட்டியின் வெளிவாயிலிலிருந்து வரும் குழாயைக் கீழ்ப்பையிலும் பொருத்திக் கவ்வியைத் திறந்தால் நீர் வடியத் தொடங்கும். நீர் செல்லும் திசையை உணர்த்தும் அம்புக்குறி வடிகட்டியின்மீது பொறிக்கப்பட்டிருக்கும். அதனை மாற்றிப் பொருத்தினால், அழுக்கு நீர் சுத்தப் பக்கத்தில் புகுந்துவிடும்.

உயரமும் குளிரும்

நீரைச் சவ்வின் வழியே தள்ளும் விசை எங்கிருந்து வருகிறது? மேற்பையிலுள்ள நீர்மட்டத்திற்கும் நீர் வெளியேறும் இடத்திற்கும் இடையேயுள்ள உயரத்திலிருந்தே வருகிறது. ஒரு மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 கிராம் எடை அளவுக்கு அழுத்தம் தரும். உயரம் 120 சென்டிமீட்டராயின் 120 கிராம் கிடைக்கும். வீட்டில் உபயோகிக்கும் பிரஷர் குக்கரின் அழுத்தத்தில் இது எட்டில் ஒரு பங்குதான். இத்துணைச் சிறிய விசையைக் கொண்டு பயன்பெற வேண்டுமாயின் அதனை வீணாக்கலாகாது. பிரெஞ்சுப் பொறியியலாளரான ஹென்றி டார்சி, மணலின் ஊடே நீர் பாயும் வேகம் நீர்த்தம்பத்தின் உயரத்திற்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்பதை 1856-ல் வெளியிட்டார். சவ்விற்கும் அது பொருந்தும். மேற்பையை 120 சென்டிமீட்டருக்குப் பதிலாக 60 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டால், அதே அளவு நீர் வடிய இரு மடங்கு நேரம் ஆகும்.

இங்கே ஒரு பொதுவான தவறெண்ணத்தைக் குறிப்பிட வேண்டும். வடிகட்டிக்கு மேலேயுள்ள நீர்தான் விசை தருகிறது, ஆகவே வடிகட்டியைத் தரையோடு வைத்தாலன்றிப் பயனில்லை எனச் சிலர் கருதுவர். வடிகட்டிக்குக் கீழேயுள்ள குழாயும் நீரால் நிரம்பியிருக்குமாயின், அந்நீரின் எடையும் கீழ்நோக்கி இழுத்து உதவி செய்யும். கீழ்க்குழாயில் காற்று கலந்து நீர் சொட்டுச் சொட்டாக விழும்போதுதான் வடிகட்டிக்குக் கீழுள்ள உயரம் வீணாகும். ஆதலின் கீழ்க்குழாய் குறுகிய உட்துளை உடையதாக இருத்தல் நன்று. மலையுச்சியில் காற்றழுத்தம் குறைவாதலின் வடிகட்டி மெதுவாகத்தான் இயங்கும் என்பதும் ஆதாரமற்றது. காற்று மேற்பையையும் கீழ்ப்பையையும் ஒரே அளவில் அழுத்துவதால் அதன் விளைவு நீங்கிவிடுகிறது.

எனினும் மலைமீது நீர் மெதுவாக வடிவது உண்மையே. அதற்குக் காரணம் குளிர். உஷ்ணநிலை குறையக் குறைய நீரின் பாகுத்தன்மை, அதாவது ஓடுவதற்கு அது காட்டும் எதிர்ப்பு, அதிகரிக்கிறது. 30 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 60 வினாடிகளில் வடியும் எனக் கொண்டால், அதே வடிகட்டியில், அதே உயரத்தில், 20 டிகிரியில் 75 வினாடிகளும், 10 டிகிரியில் 98 வினாடிகளும், 5 டிகிரியில் 114 வினாடிகளும் ஆகும். சமவெளியில் சோதித்துப் பார்த்த வடிகட்டி பனியோடைக் கரையில் பாதி வேகத்தில் இயங்குவது கண்டு, அடைத்துக்கொண்டது என எண்ணி அதனை மீண்டும் மீண்டும் கழுவுவோர் பலர். குழுவில் ஒருவர் நாள்தோறும் காலையில் ஒரு லிட்டர் வடிய ஆகும் நேரத்தையும் நீரின் உஷ்ணநிலையையும் குறிப்பேட்டில் எழுதி வருவாராயின், குளிரினால் நேர்ந்த தாமதம் எது, அழுக்கினால் நேர்ந்த தாமதம் எது என்பது மூன்றாம் நாளிலேயே புலப்பட்டுவிடும். கடிகாரமும் உஷ்ணமானியும் வெளிப்பணிக் குழுவிடம் எப்படியும் இருக்கும்.

காற்று அடைத்துக்கொள்ளுதல்

புதிதாகப் பொருத்திய வடிகட்டி சில வேளைகளில் ஒரு துளியும் வடியாது நின்றுவிடும். பெரும்பாலும் இதற்குக் காரணம் குழலினுள் அகப்பட்ட காற்றுக்குமிழியே. நனைந்த சவ்வின் நுண்துளைகளில் நீர் பரப்பு இழுவிசையால் இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். அந்நீரை அகற்றிக் காற்று உட்புக வேண்டுமாயின் பல மடங்கு காற்றழுத்தம் வேண்டும். நம்மிடமுள்ள நீர்த்தம்பத்தின் அழுத்தமோ ஒரு காற்றழுத்தத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆகவே காற்றுக்குமிழி சவ்வைக் கடக்கவும் மாட்டாது, நீருக்கு வழிவிடவும் மாட்டாது.

பரிகாரம் சுலபமானது. கீழ்ப்பையில் சிறிது சுத்த நீர் இருக்குமாயின் அதனை மேற்பைக்கு மேலே உயர்த்திச் சில வினாடிகள் பிடித்தால், நீர் எதிர்த்திசையிற் பாய்ந்து குமிழியை மேற்பைக்குள் தள்ளிவிடும். இதே செயல் சவ்வின்மீது படிந்த அழுக்கையும் பெயர்த்தெறியும். இதனைப் பின்கழுவல் என்பர். நாள்தோறும் ஒரு முறை, கலங்கல் நீராயின் ஒவ்வொரு பை வடிந்ததும், அரை நிமிடம் பின்கழுவல் செய்து, பெயர்ந்த அழுக்கோடு கூடிய நீரை மேற்பையிலிருந்து வெளியே கொட்டிவிட வேண்டும். சுத்த நீரை இப்படி வீணாக்குவதா எனத் தயங்குவோர், இரண்டொரு நாளில் வடிகட்டியையே இழக்க நேரும். கீழ்ப்பையை இணைக்குமுன் அதிலுள்ள காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிடுவதும் அவசியம். மூடிய பையில் காற்று தங்கினால் நீர் நிரம்ப இடமிராது.

வடிகட்டி தடுப்பதும் தடுக்காததும்

காலரா, டைபாய்டு, சீதபேதி ஆகியவற்றை விளைவிக்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அரை மைக்ரான் அகலமும் ஒன்று முதல் சில மைக்ரான் நீளமும் உடையவை. அமீபாச் சீதபேதியை உண்டாக்கும் நுண்ணுயிரின் உறைகள் 10 மைக்ரானுக்கு மேற்பட்டவை. ஜியார்டியாவின் உறைகள் ஏறத்தாழ அதே அளவின. கிரிப்டோஸ்போரிடியத்தின் உறைகள் 4 முதல் 6 மைக்ரான். இவையனைத்தையும் 0.2 மைக்ரான் துளையுள்ள சவ்வு தடுத்து நிறுத்தும். ஆனால் வைரஸ்களின் நிலை வேறு. மஞ்சட்காமாலையை விளைவிக்கும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ ஆகிய வைரஸ்கள் 0.03 மைக்ரான் அளவே உள்ளவை. அவ்வளவுள்ள ஆறு துகள்கள் பக்கம் பக்கமாக நின்றாலும் 0.2 மைக்ரான் துளை வழியே சென்றுவிடலாம். குழந்தைகளை வாட்டும் ரோட்டா வைரஸும் 0.1 மைக்ரானுக்குக் குறைந்ததே.

இதனை வியப்பிற்குரிய செய்தியாகக் கருத வேண்டியதில்லை. வைரஸ் என்னும் பொருள் உலகிற்குத் தெரியவந்ததே இவ்விதமாகத்தான். பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சார்லஸ் சேம்பர்லாண்ட் 1884-ல் பாக்டீரியாக்களைத் தடுக்கும் பீங்கான் வடிகட்டியொன்றை அமைத்தார். ரஷ்ய விஞ்ஞானியான இவானோவ்ஸ்கி 1892-ல் நோயுற்ற புகையிலைச் செடிகளின் சாற்றை அத்தகைய வடிகட்டியில் வடித்தபோது, வடிந்த சாறும் நோயைப் பரப்புவதைக் கண்டார். பாக்டீரியாவினும் நுண்ணிய ஏதோவொன்று வடிகட்டியைக் கடந்து செல்கிறது என்பது அதிலிருந்து வெளியாயிற்று. நெடுங்காலம் வரையில் வைரஸ்களை 'வடிகட்டியைக் கடப்பன' என்றே விஞ்ஞான நூல்கள் வருணித்து வந்தன. ஆகவே வடிகட்டி ஒன்றை நம்பியிருத்தல் வைரஸைப் பொறுத்தவரை காவலின்றி இருத்தலேயாகும்.

இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. 1955 நவம்பரில் யமுனையின் போக்கு மாறியதன் விளைவாக, நஜப்கர் வடிகாலின் கழிவுநீர் டில்லி மாநகருக்கு நீர் வழங்கும் வஜீராபாத் நீரேற்று நிலையத்தின் வாயிலை எட்டிற்று. நிலையத்தார் குளோரினை மிகுதியாகச் சேர்த்தனர். டைபாய்டும் சீதபேதியும் அந்நகரில் அதிகரிக்கவில்லை. ஆனால் 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் ஏறத்தாழ 29,300 பேருக்கு மஞ்சட்காமாலை கண்டது. பாக்டீரியாக்கள் மடிந்தன, கலங்கிய நீரில் வைரஸ் எஞ்சிவிட்டது. அந்நோய்க்குக் காரணமான வைரஸ் 1983-ல் கண்டறியப்பட்டு, பின்னர் ஹெபடைடிஸ் ஈ என்னும் பெயர் பெற்றது. கருவுற்ற பெண்களுக்கு இந்நோய் பிறரினும் பன்மடங்கு கொடியது. மலைநாட்டிற்கு இவ்வபாயம் இல்லை எனவும் கூற முடியாது. 2015-ன் இறுதியிலும் 2016-ன் தொடக்கத்திலும் சிம்லாவில், கழிவுநீர் கலந்த ஓடையிலிருந்து வழங்கப்பட்ட நீரால் இதே நோய் பரவியது.

டில்லி நிகழ்ச்சியிலிருந்து முகாமுக்குரிய முறை ஒன்றை வகுத்துக்கொள்ளலாம். கலங்கல் நீரில் உள்ள மண்ணும் சேறும் குளோரினைத் தாமே உறிஞ்சிக்கொள்வதுடன், வைரஸ்களுக்கு மறைவிடமாகவும் அமைகின்றன. தெளிந்த நீரிலோ குளோரின் முழு வலுவோடு செயற்பட்டு வைரஸை அழித்துவிடும். அதே சமயம் கிரிப்டோஸ்போரிடியத்தின் தடித்த உறையைக் குளோரின் எளிதில் தாக்காது. அதனை வடிகட்டி தடுத்துவிடும். ஒன்று விட்டதை மற்றொன்று பிடித்துக்கொள்கிறது. எனவே முதலில் வடிகட்டி, பின்னர் வடிந்த நீரில் குளோரின் மாத்திரை சேர்த்தல் வேண்டும்; இவ்வரிசையை மாற்றலாகாது. மாத்திரையைக் கீழ்ப்பையிலேயே இடலாம். ஆனால் அந்த நீரைப் பின்கழுவலுக்கு எடுக்குமுன், குளோரின் கலந்த நீர் தம் வடிகட்டிக்கு ஏற்றதா என்பதைச் சாதனத்துடன் வரும் குறிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐயமிருப்பின் தனிப் பாத்திரத்தில் குளோரின் சேர்ப்பதே நல்லது.

மாத்திரைகளில் ஒரு லிட்டருக்குரியவையும் உண்டு, இருபது லிட்டருக்குரியவையும் உண்டு. பார்வைக்கு ஒத்திருப்பினும் அவற்றின் வலிமை வெவ்வேறு. உறையில் அச்சிட்ட அளவைப் படித்தறியாது உபயோகிக்கக் கூடாது. மாத்திரை கரைந்த பின் அரை மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். பனிநீராயின் ஒரு மணி நேரம் பொறுப்பது நலம், ஏனெனில் குளிரில் இரசாயனச் செயல் மெதுவாக நிகழும். குடிநீரில் எஞ்சியிருக்க வேண்டிய குளோரின் அளவு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாதிருக்க வேண்டும் என 2012-ல் திருத்தப்பட்ட இந்தியத் தர நிர்ணயம் 10500 கூறுகிறது. மாத்திரை இல்லாத வேளையில் வடிந்த நீரைக் கொதிக்க வைப்பதே வழி.

நீரிற் கரைந்துள்ள பொருள்களை இச்சாதனம் நீக்காது என்பதையும் இங்கு கூறிவிட வேண்டும். கங்கைச் சமவெளியின் சில குழாய்க்கிணறுகளிலுள்ள ஆர்சனிக்கும், நல்கொண்டா முதலிய மாவட்டங்களின் நிலத்தடி நீரிலுள்ள புளோரைடும், வயல்களிலிருந்து வழியும் பூச்சிமருந்தும் தடையின்றிக் கடந்துவிடும். கொதிக்க வைப்பதாலும் அவை நீங்கா. அத்தகைய இடங்களில் வேறு நீரைத் தேடுவதன்றி முகாமில் செய்யத்தக்கது ஏதுமில்லை.

கலங்கல் நீர்

பனிப்பாறைகள் நகரும்போது அடியிலுள்ள பாறை அரைபட்டு மாவு போலாகிறது. கோமுகத்திலிருந்து புறப்படும் பாகீரதி கோடையில் சுண்ணாம்பு கரைத்தாற்போன்ற நிறத்துடன் ஓடுவது இதனால்தான். அந்நீரை நேரே மேற்பையில் நிரப்பினால் இரண்டு பை வடியுமுன்னரே வடிகட்டி திணறிவிடும். பகல் வெயிலில் பனி உருகுவதால் பிற்பகலில் ஓடை பெருகிக் கலங்கும். இரவில் உருகுதல் குறைந்து, விடியற்காலையில் நீர் குறைவாகவும் ஓரளவு தெளிவாகவும் இருக்கும். எனவே அன்றாடத் தேவைக்கான நீரைச் சூரியன் உதிக்குமுன் முகந்து வைத்தல் அறிவுடைமை. பக்கத்துச் சரிவில் ஊற்று ஒன்று இருக்குமாயின் ஆற்றைவிட அதுவே மேல்.

முகந்த நீரை வாளியில் இரவு முழுவதும் அசையாது வைத்து, அடியிலுள்ள மண்டி கலங்காமல் மேல்நீரை மட்டும் இறுத்துக்கொள்ள வேண்டும். மிக நுண்ணிய வண்டல் இதற்கும் படியாது. அப்போது படிகாரம் உதவும். பத்து லிட்டர் நீருக்கு அரை கிராம் அளவு போதும். அதனைக் கரைத்து நன்கு கலக்கி, பின் மெதுவாகச் சில நிமிடங்கள் சுழற்றிவிட்டால், மண்துகள்கள் பஞ்சுபோல் ஒன்றுகூடி அடியில் தங்கும். நம் முன்னோர் இதே நோக்கத்துடன் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்து வந்தனர். வடநாட்டில் அதற்கு நிர்மலி என்று பெயர்.

பழைய பருத்திப் புடவைத் துணியை நான்கைந்து மடிப்பாக மடித்து மேற்பையின் வாயில் கட்டி நிரப்புவதும் நல்ல வழக்கம். பலமுறை துவைத்த துணியின் நூல்கள் பிரிந்து இடைவெளிகளை அடைத்துக்கொள்வதால், புதுத் துணியினும் பழந்துணியே சிறந்தது. வங்காளதேசக் கிராமங்களில் குடிநீரை மடித்த புடவையில் வடிகட்டிய குடும்பங்களில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 2003-ல் வெளியான ஆராய்ச்சியொன்று காட்டியது. காலராக் கிருமிகள் நீரில் மிதக்கும் நுண்ணிய பூச்சியினங்களின்மேல் ஒட்டிக்கொண்டிருப்பதும், அப்பூச்சிகளைத் துணி தடுத்துவிடுவதுமே இதற்குக் காரணம். தனித்து மிதக்கும் கிருமியைத் துணி தடுக்காது.

கையாளும் முறை

சவ்வு குற்றமற்றதாயிருந்தும் நோய் வருவதுண்டு. மேற்பையின் வெளிப்புறத்திலிருந்து வழியும் ஒரு துளி கீழ்ப்பையின் வாயில் விழுந்தால், இவ்வளவு முயற்சியும் வீணாகும். மேற்பைக்கும் அதன் குழாய்க்கும் சிவப்பு நாடா கட்டி அடையாளமிடலாம். சிவப்பு நாடா கட்டியதைத் தொட்ட கையால், கழுவாமல் சுத்தப் பக்கத்தைத் தொடக் கூடாது. மாணவர் குழுவில் மேற்பைக்கு ஒருவரையும் கீழ்ப்பைக்கு வேறொருவரையும் பொறுப்பாக்கிவிடுவதே உத்தமம். கட்டிவைக்கும்போதும் இருவகைப் பொருள்களையும் தனித்தனி உறைகளில் இட வேண்டும்.

வடிகட்டிக்குப் பெரும் பகை உறைபனி. ஒரு முறை நனைந்த இழைகளிலிருந்து நீரை முற்றிலும் உதறிவிட முடியாது. அந்நீர் பனிக்கட்டியாகும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகி, இழைகளைப் பிளந்துவிடும். பிளவு கண்ணுக்குத் தெரியாது. முன்னினும் விரைவாக நீர் வடிவதைக் கண்டு மகிழ்வோரும் உண்டு. உண்மையில் வேகம் திடீரென அதிகரித்தல் ஐயுறத்தக்க அறிகுறியாகும். உறைபனி விழும் இடங்களில் இரவில் வடிகட்டியை நீர்புகாப் பையிலிட்டுப் படுக்கையினுள் உடலோடு வைத்துக்கொள்ள வேண்டும். பகலிலும் சுமையின் வெளிப்பையில் வைத்தலாகாது.

உறைந்ததோ, கீழே விழுந்ததோ என ஐயம் எழுந்தால், முன்னர்க் கூறிய பரப்பு இழுவிசையைக் கொண்டே சோதிக்கலாம். வடிகட்டியில் நீரை ஓடவிட்டு நன்கு நனைத்த பின், மேற்பையை வெறுமையாக்கிக் காற்றால் நிரப்பி அதன் வாயை மூடுக. வடிகட்டியின் வெளிக்குழாய் முனையைக் கொதித்து ஆறிய நீருள்ள குவளையில் அமிழ்த்திப் பையை இரு கைகளாலும் அழுத்துக. குழாயில் தங்கியிருந்த காற்று முதலில் இரண்டொரு குமிழிகளாக வெளிவந்து நின்றுவிடும். சவ்வு முழுமையாக இருக்குமாயின் அதன்பின் குமிழி வராது. தொடர்ந்து குமிழிகள் வந்துகொண்டிருப்பின் எங்கோ இழை பிளந்திருக்கிறது. அவ்வடிகட்டியைக் குடிநீருக்குப் பயன்படுத்தாமல், எஞ்சிய நாட்களுக்கு நீரைக் கொதிக்க வைத்துக்கொள்ள வேண்டும். இச்சோதனை பாக்டீரியா புகத்தக்க பெரும் பிளவுகளைக் காட்டுமேயன்றி நீர் குடிக்கத்தக்கது என்பதற்குச் சான்றாகாது.

பயணம் முடிந்து திரும்பியதும் நன்றாகப் பின்கழுவல் செய்து, ஒரு லிட்டர் சுத்த நீரில் சலவைக்குரிய குளோரின் திரவத்தைச் சில துளிகள் கலந்து ஓடவிட்டு, பைகளையும் குழாய்களையும் நிழலில் உலர்த்தி வைக்க வேண்டும். ஈரத்துடன் மூடிவைத்தால் பூசணம் பிடிக்கும். பலமுறை பின்கழுவிய பின்னும், குளிரின் அளவைக் கழித்துப் பார்த்தும், பழைய வேகம் திரும்பவில்லையாயின் புதிய வடிகட்டி வாங்கும் காலம் வந்துவிட்டது.

பள்ளிகளில் இதன் தத்துவத்தை விளக்க விலையுயர்ந்த சாதனம் தேவையில்லை. அடிப்பகுதி நீக்கிய பிளாஸ்டிக் புட்டியைத் தலைகீழாகக் கட்டி, வாயில் துளையிட்ட தக்கை வழியே ஒரு மீட்டர் நீளமுள்ள ரப்பர் குழாயைப் பொருத்தி, குழாயின் நடுவில் பஞ்சை இறுக அடைத்துக்கொள்ளலாம். புட்டியின் நீர்மட்டம் குறையாமல் ஊற்றிக்கொண்டே, குழாய் முனையை 50 சென்டிமீட்டர் தாழ்விலும் பின் 100 சென்டிமீட்டர் தாழ்விலும் பிடித்து, 100 மில்லிலிட்டர் நீர் சேர ஆகும் நேரத்தை மாணவர் அளந்தறியட்டும். பின்னர் ஒரே உயரத்தில், பனிக்கட்டியிட்ட நீரையும் வெதுவெதுப்பான நீரையும் மாற்றி ஊற்றி ஒப்பிடட்டும். பஞ்சில் காற்றுக்குமிழி தங்கினால் கணக்கு மாறும். முதலில் குழாயை நீரால் நிரப்பிக்கொள்ள வேண்டும். இவ்வாறு வடிந்த நீரை மாணவர் பருகாதபடி ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும். பஞ்சு கிருமிகளைத் தடுக்காது.